கருப்பு இல்லாத வருஷம்

2011ல வந்த பாட்டுன்னு கேட்டா உங்க எல்லாருக்கும் ஒரே பேர்தான் ஞாபகத்துக்கு வரும். நவம்பர் 16ஆம் தேதி வெளிவந்த 'கொலவெறி'. எல்.கே.ஜி. வாண்டுல இருந்து பல்லு போன பாட்டி வரைக்கும் பாடித் தள்ளுன பாட்டு. நானும் முணுமுணுத்திருக்கேன், பொய் சொல்லக்கூடாது. ஆனா என் கணக்குல 2011 வேற. எங்க திருப்பூர்ல கருப்புத் துணி கிடைக்காம போன வருஷம் அது. மெட்டாலிக்கா பெங்களூருக்கு வந்த வருஷமும் அதுதான். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறவங்க கொஞ்சம் உக்காருங்க. கொசுவத்தியைச் சுத்த விடுறேன்.

மெட்டல் கேக்குறவனைக் கூட்டத்துல கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். சித்திரை வெயில் மண்டையைப் பொளக்கும்போதும் எவன் கருப்பு டீசர்ட் போட்டுட்டுத் திரியிறானோ அவன்தான். நெஞ்சுல ஒரு மண்டையோடு, இல்லாட்டி யாராலயும் படிக்க முடியாத எழுத்துல ஒரு பேர். முதுகுல எந்தெந்தத் தேதியில எந்தெந்த ஊர்ல கச்சேரின்னு ஒரு பட்டியல். வேற கலர்ல போனா உள்ள விடமாட்டாங்கன்னு சட்டமெல்லாம் இல்லை. ஆனா ஒரு மாதிரியாப் பாப்பாங்க. அந்தப் பார்வையை நான் வாங்கியிருக்கேன்.

இந்தச் சங்கீதம் பொறந்தது இங்கிலாந்துல பர்மிங்காம். இரும்பு வேலைக்குப் பேர் போன ஊர். அங்க டோனி அயோமின்னு ஒரு பையன், பதினேழு வயசு, தகடு வேலை செய்யிற ஃபேக்டரியில கூலி. வேலைக்குக் கடைசி நாள் அது, அடுத்து முழு நேரமா கிதார் வாசிக்கப் போறதா ஏற்பாடு. அன்னைக்குப் பார்த்து மெஷின் அவரோட வலது கையில ரெண்டு விரல் நுனியை எடுத்துக்கிச்சு. அவர் இடது கைக்காரர்; தந்தியை அழுத்துற கை வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. பிளாக் சபாத்தோட முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13ல வந்துச்சு. 1971ல வந்த மூணாவது ஆல்பத்துல தந்திகளை இன்னும் தளர்த்திட்டாரு. விரலுக்கும் லேசாச்சு, சத்தமும் அடியில போயிக் கனமாச்சு. இன்னைக்கு வரைக்கும் மெட்டல்காரங்க பாதிப்பேர் கிதாரைத் தளர்த்திக் கட்டுறதுக்கு மூலம் அந்த ரெண்டு விரல்.

ஃபேக்டரி இரைச்சல்தான் மெட்டலைப் பெத்துச்சுன்னு எல்லாரும் எழுதுவாங்க. எனக்கு இதுல அவ்வளவா நம்பிக்கை கிடையாது. இரைச்சல்தான் காரணம்னா திருப்பூர்ல வீதிக்கு ரெண்டு மெட்டல் பேண்ட் இருந்திருக்கணுமே? நிட்டிங் மெஷின், ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் எல்லாம் ஒட்டுக்கா ஓடுற சத்தத்துக்கு முன்னாடி பர்மிங்காம் என்ன பெரிய பர்மிங்காம். எங்க ஆளுக என்ன பண்ணாங்கன்னா, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் கட்டி காலையில எட்டரையில இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும், ஒன்றரை ஷிப்டும் இளையராஜா போட்டாங்க. ஆனா அந்த விரல் கதை மட்டும் எங்க ஊருக்கு நல்லாவே புரியும். கட்டிங் மெஷின்ல நுனி விரலை விட்ட மாஸ்டருக எங்க வீதியிலயே ரெண்டு பேர். ஒருத்தர் டீக்கடை வெச்சாரு. இன்னொருத்தர் மிச்ச விரலோட திரும்பக் கட்டிங்குக்கே போயிட்டாரு.

நான் மெட்டலுக்கு வந்தது காது வழியா இல்லை, துணி வழியா. படிப்பு முடிஞ்சு ஒரு பிரிண்டிங் யூனிட்ல சேந்தப்ப, வெளிநாட்டு பையர் ஒருத்தருக்காகக் கருப்பு டீசர்ட்ல ஒரு பேய் மூஞ்சியை அச்சடிச்சுக்கிட்டிருந்தாங்க. கருப்பு மேல நேரா கலர் அடிக்க முடியாது. முதல்ல ஸ்க்ரீன்ல வெள்ளை ஒரு கோட் போட்டு, சூடு காட்டி உலர்த்தி, அதுமேல ஒவ்வொரு கலரா அடிக்கணும். ஒரு ஸ்க்ரீன் ஒரு நூல் நகர்ந்தாலும் பேய்க்கு ரெண்டு மூக்கு வந்துரும். இப்படி மாசக்கணக்கா அந்த மூஞ்சியோட குடித்தனம் நடத்தினப்புறம்தான் அது அயர்ன் மெய்டனோட 'எடி', வரைஞ்சவர் டெரெக் ரிக்ஸ்னு எனக்குத் தெரிஞ்சுது. யார்ரா இவனுகன்னு பிரவுசிங் சென்டர்ல தேடி, கோயமுத்தூர்ல படிச்ச மாப்ள ஒருத்தன் கிட்ட சிடி எழுதி வாங்கி, அப்படியே விழுந்தவன்தான்.

2007 மார்ச் 17ஆம் தேதி அந்த மெய்டனே பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தாங்க. இந்தியாவுல மெட்டல் கேக்குறவங்களுக்கு அது ஒரு சகாப்தம். நான் போகலை. ஷிப்மெண்ட். அந்த வருஷம் டாலர் 44 ரூபாயில இருந்து 39க்கு இறங்கி, ஏத்துமதிக்காரங்க எல்லாரும் தலையில துண்டைப் போட்டுட்டு உக்காந்திருந்த சமயம். லீவுன்னு வாயைத் திறக்க முடியாது. 2009ல ஸ்வீடன்காரங்க ஓபெத் சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கே வந்தாங்க. அதுக்கும் போகலை. அடுத்து எவன் வந்தாலும் வேலையை விட்டுட்டாவது போறதுன்னு மனசுல ஒரு சத்தியம் பண்ணிக்கிட்டேன். வேலை என்னை விட்டுட்டுப் போகும்னு அப்ப நினைக்கலை.

2011 ஜனவரி 28. திருப்பூர்ல இருக்கிற அத்தனை சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாத்தையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. எழுநூறுக்கு மேல பட்டறைக. கரண்டைப் பிடுங்கிட்டாங்க.

திடீர்னு வந்த இடி மாதிரி அப்ப எல்லாரும் பேசினாங்க. நானும்தான். ஆனா யோசிச்சா அது இருபது வருஷமா வந்துக்கிட்டிருந்த இடி. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்துல காவிரியில சேர்ற ஆறு. திருப்பூருக்குக் கிழக்க, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல 1992ல ஒரு அணை கட்டி முடிச்சாங்க, பாசனத்துக்கு. அதே வருஷங்கள்ல திருப்பூர் ஏத்துமதி ஓஹோன்னு ஏற ஆரம்பிச்சுது. அணையில தேங்குனது சாயத்தண்ணி. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினாங்களோ, அவங்களே தண்ணியைத் திறக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட வேண்டிய நிலைமை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டாங்க. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளிய விடக்கூடாதுன்னு 2006 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. பட்டறைக்காரங்க மேல போனாங்க. 2009 அக்டோபர் 6ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி மூணு மாசம் கெடு குடுத்துச்சு. கெடு தாண்டி ஒரு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம்தான் இந்த ஜனவரி உத்தரவு.

இங்க கருப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பட்டறைப் பக்கம் போகாதவங்களுக்கு இது புதுசா இருக்கும்.

பருத்தித் துணிக்கு இப்பப் போடுறது ரியாக்டிவ் சாயம். சாயம் தண்ணியிலயே சுகமா இருக்கும், துணிக்குள்ள போகாது. அதை நூலுக்குள்ள தள்ளிவிடுறது உப்பு. வெறும் கல்லுப்பு, இல்லாட்டி கிளாபர் உப்பு. உள்ள போன சாயத்தைப் பிடிச்சு வைக்கிறது சோடா. கலர் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சாயம், அவ்வளவு உப்பு. இளம் ரோஸுக்குக் கொஞ்சம் போட்டாப் போதும். கருப்புன்னா லிட்டர் தண்ணிக்கு எண்பது கிராம் உப்பு சாதாரணம். கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணின்னு வெச்சாக்கூட அரைக் கிலோவுக்கு மேல உப்பு. போட்ட சாயத்துல நூத்துக்கு இருபது முப்பது பங்கு துணியில ஒட்டாம கழுவுறப்பவே போயிரும். ஆனா உப்பு? அதுல ஒரு கிராம்கூட துணியில தங்காது. தள்ளிவிடுற வேலை முடிஞ்சதும் மொத்தமும் தண்ணியோட வெளிய. சாயம் கண்ணுக்குத் தெரியும், பேப்பர்ல போட்டோ வரும். உப்பு கண்ணுக்குத் தெரியாது. நிலத்தைக் கொன்னது அதுதான்.

ஒரு கிலோ துணியில அஞ்சு டீசர்ட் வரும். அதாவது நான் ஆசை ஆசையா போட்டுட்டுத் திரிஞ்ச ஒவ்வொரு கருப்பு டீசர்ட்டுக்கும் பின்னாடி நூத்தி முப்பது கிராம் உப்பு.

எங்க அப்புச்சிக்கு நெலம் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழ, நொய்யல் கரையில. அம்மாவோட அப்பா. சின்னப் புள்ளையா பள்ளிக்கூட லீவுக்கு அங்க போவேன். தென்னை எல்லாம் கொண்டை காஞ்சு மொட்டைக் கம்பமா நின்னது கண்ணுலயே இருக்கு. கெணத்துல தண்ணி ததும்பும், மாடு வாய் வெக்காது. குடிக்கிற தண்ணிக்கு லாரி வரணும். அப்புச்சி ஒருநாளும் திருப்பூரைத் திட்டினது கிடையாது. ஏன்னா அவரோட ரெண்டு பசங்களும் மருமவனும் பேரனும் பனியன் கம்பெனியிலதான் சோறு தின்னாங்க. எங்க பக்கம் பாதிக் குடும்பங்க இப்படித்தான். வழக்குல ரெண்டு பக்கமும் ஒரே வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கும்.

சரி, 2011க்கு வருவோம். பிப்ரவரி, மார்ச்ல ஏற்கனவே வாங்கி வெச்ச சாயத்துணி தீந்துச்சு. அப்புறம் கிரே துணியை லாரியில ஏத்தி லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் சாயம் போட அனுப்பினாங்க. போயிட்டு வர்றதுக்குள்ள ஆர்டர் காலாவதி. ரகசியமா பக்கத்து மாவட்டங்கள்ல சாயம் போட்டு மாட்டினவங்க சேதியும் அப்பப்ப பேப்பர்ல வரும். போதாக்குறைக்கு அந்த வசந்தத்துல உலகச் சந்தையில பஞ்சு விலை என்னைக்கும் இல்லாத உச்சத்துல. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆச்சு, அப்புறம் வாரத்துல மூணு நாளாச்சு. தூரத்துல இருந்து வந்த பசங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு ஸ்டேஷன்ல நின்னாங்க. எங்க யூனிட்டுக்கு வந்ததெல்லாம் வெளிர் துணிதான், அதுலயும் முக்காவாசி கிரே மெலாஞ்ச். அந்தச் சாம்பல் கலர் பனியன் துணி இருக்கே, அதுக்கு இங்க சாயம் போட வேண்டியதில்லை. நூல் நூக்கும்போதே சாயம் போட்ட பஞ்சைக் கொஞ்சம் கலந்து நூத்துருவாங்க. 2011ல திருப்பூரோட கலர் என்னன்னு கேட்டா நான் மெலாஞ்சுன்னுதான் சொல்லுவேன்.

வேலை இல்லாத மனுஷனுக்கு இருக்கிறது காது மட்டும்தான். என் வாழ்க்கையில நான் அதிகமா மெட்டல் கேட்டது அந்த வருஷம். வருஷமும் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துச்சு. மெட்டாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நாலும் ஒரே மேடையில ஏறுனதை 'பிக் ஃபோர்'னு சொல்லுவோம். 2010ல ஐரோப்பாவுல ஆரம்பிச்சு, 2011 ஏப்ரல் 23ல கலிஃபோர்னியாவுல இண்டியோ, செப்டம்பர் 14ல நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். எம்.கே.டி., பி.யூ.சின்னப்பா, கிட்டப்பா மூணு பேரும் ஒரே பந்தல்ல பாடினா எப்படி இருக்கும், அப்படி. அந்த செப்டம்பர் மாசமே ஒரு திருவிழா. மாஸ்டடானோட 'த ஹன்டர்', மெஷின் ஹெட்டோட 'அன்டு த லோகஸ்ட்', ஆந்த்ராக்ஸுக்கு ஜோயி பெலடோனா திரும்பி வந்து பாடுன 'வொர்ஷிப் மியூசிக்', எல்லாம் அந்த ஒரே மாசத்துல. ஓபெத் 'ஹெரிடேஜ்'ல உறுமுறதையே மொத்தமா விட்டுட்டு எழுபதுகளோட ராக் பக்கம் போயிட்டாங்க. உலகம் பூரா ரசிகருங்க ஒப்பாரி வெச்சாங்க. எனக்கென்னவோ பிடிச்சிருந்துச்சு. வருஷக்கணக்கா செஞ்சதை நிறுத்திட்டு வேற செய்யிறது எவ்வளவு கஷ்டம்னு அந்த வருஷம் எங்க ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு இல்லையா.

நம்ம ஆளுங்களையும் சொல்லணும். சிங்கப்பூர்ல 1992ல ஆரம்பிச்ச ருத்ரா, கதிர், சிவான்னு நம்ம பேர்க்காரங்க நடத்துற பேண்ட். வேதாந்தத்தைத் தூக்கி டெத் மெட்டல்ல வெச்சவங்க. அவங்களோட 'பிரம்மவித்யா' மூணு பாக வரிசையில கடைசி பாகம் வந்ததும் 2011லதான். சென்னையில மூணு பேருக்குத் தெரிஞ்சிருந்தா அதிகம். ஒரு டி.ராஜேந்தர் பாட்டுக்குக் கிடைக்கிற மரியாதையில நூத்துல ஒரு பங்கு இவங்களுக்குக் கிடைச்சிருக்கலாம். போகட்டும்.

இன்னொரு கணக்கும் இருந்துச்சு. முழுக்கக் கருப்பு அட்டையோட வந்ததால எல்லாரும் 'பிளாக் ஆல்பம்'னே கூப்பிடுற மெட்டாலிக்கா ஆல்பம் வந்தது 1991 ஆகஸ்ட். 2011ல அதுக்கு இருபது வயசு. அந்த பேண்டுக்கு முப்பது வயசு. 1981 அக்டோபர் 28ல ஆரம்பிச்சதா அவங்க கணக்கு. சரியா அந்தத் தேதியில, 2011 அக்டோபர் 28 வெள்ளிக்கிழமை, டெல்லி பக்கத்துல குர்கான்ல அவங்களோட முதல் இந்தியக் கச்சேரின்னு அறிவிச்சாங்க. ஞாயித்துக்கிழமை 30ஆம் தேதி பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். அதே ஞாயிறு இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் பந்தயமும்.

அந்த வருஷம் தீபாவளி 26ஆம் தேதி புதன்கிழமை. திருப்பூர்ல தீபாவளின்னா போனஸ். போனஸை வாங்கிட்டு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க, ஒரு வாரம் ஊரே காலி. 2011 தீபாவளிக்கு போனஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதோட அளவைப் பத்திப் பேசாம இருக்கிறதே எனக்கும் எங்க ஓனருக்கும் மரியாதை. அதுல டிக்கெட் போச்சு, ரயிலுக்குப் போச்சு. வீட்டுக்கு ஒரு கிலோ மிக்சர் வாங்கினேன்.

இப்ப டீசர்ட் பிரச்சினை. என் கிட்ட இருந்த ஒரே கருப்பு பழைய எடி. அதை அம்மா எப்பவோ கரித்துணியாக்கி அடுப்படியில போட்டுட்டாங்க. புதுசா அடிக்கலாம்னா கருப்புத் துணி இல்லை. காதர்பேட்டையில கடை கடையா ஏறி இறங்கினேன். பழைய சரக்குல குழந்தைங்க சைஸ் இருந்துச்சு, எனக்குத் தொப்புள் தெரியும். கடைசியில வீம்புக்குன்னு யூனிட்ல கிடந்த மெலாஞ்ச் பீஸ்ல ஒண்ணை எடுத்தேன். மெட்டல் பேண்டுக பேர் எழுதுற மாதிரி முள்ளு முள்ளா, வேர் வேரா இழுத்து நானே ஒரு எழுத்து வரைஞ்சு ஸ்க்ரீன் போட்டேன். மெட்டாலிக்கான்னு இல்லை. நொய்யல்னு. எங்க யூனிட்ல மிச்சம் இருந்த ஒரே கருப்பு மை டப்பாவுல இருந்ததுதான், அதுல அடிச்சேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி குர்கான் சேதி வந்துச்சு. தடுப்பு உடைஞ்சு கச்சேரி நின்னு போச்சு. முதல்ல தள்ளிவெப்புன்னாங்க, அப்புறம் ரத்துன்னாங்க. ஜனம் மேடையில ஏறி கையில கிடைச்சதை எல்லாம் ஒடைச்சுது, ஏற்பாடு பண்ணவங்கள்ல சிலரை போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. சனிக்கிழமை ராத்திரி ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல ஏறும்போது நானும் மாப்ளயும் பேசிக்கவே இல்லை. வாழ்க்கையில ஒரு தடவை கெளம்புறோம், இதுவும் புட்டுக்குமான்னு ரெண்டு பேர் மனசுலயும் அதே நெனைப்பு. ஈரோடு தாண்டும்போது மாப்ள சொன்னான்: "போகலைன்னா லால்பாக் பாத்துட்டு வந்துரலாம் உடு."

லால்பாக் பாக்க வேண்டிய அவசியம் வரலை.

பேலஸ் கிரவுண்ட்ஸ் வாசல்ல மதியத்துலயே வரிசை. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் கருப்பு. பத்து மாசமா நான் பாக்காத கருப்பு. அடர் கருப்பு, வெளுத்த கருப்பு, கழுவிக் கழுவிப் பழுப்பேறுன கருப்பு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், முன்னாடி நிக்கிறவன் கழுத்து ரிப்பையும் தோள்பட்டைத் தையலையும் பாத்துக்கிட்டே இருப்பேன். "இது நம்மூர் பேட்லாக்குடா"ன்னு மாப்ள காதுல சொன்னேன். "மூடிட்டு வா"ன்னான்.

வரிசையில பக்கத்துல ஒரு பையன், வடக்கத்திக்காரன், குர்கான்ல ஏமாந்து விமானம் பிடிச்சு வந்தவன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, ஜிம்ல இருந்து நேரா வந்துட்டியான்னு இங்கிலீஷ்ல கேட்டான். சொன்னேனே, அந்தப் பார்வை. அப்புறம் நெஞ்சுல இருக்கிற எழுத்தைக் கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்தான். இது எந்த பேண்டு, நார்வேயான்னு கேட்டான். தமிழ் எழுத்தை அவன் பழங்கால வைக்கிங் எழுத்துன்னு நெனைச்சிருக்கான்! பேண்டு இல்லப்பா, எங்க ஊர் ஆறுன்னு சொன்னேன். சிரிச்சுட்டுத் தோள்ல தட்டினான். எங்களுக்குப் பின்னாடி ஒரு கூட்டம் தமிழ்ப் பசங்க அதைப் படிச்சுட்டாங்க. அதுல ஒருத்தன் மட்டும் சிரிக்கலை. "கரூருங்களா?"ன்னு கேட்டான். திருப்பூர்னு சொன்னேன். அவன் வேற எதும் கேக்கலை. அவன் ஊர் எதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

கச்சேரியைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல. பெங்களூர்க்காரங்க இன்னர் சாங்டம், அப்புறம் ஸ்காட்லாந்துல இருந்து பிஃபி கிளைரோ. பிஃபி கிளைரோ நல்ல பேண்டுதான், ஆனா அன்னைக்கு யாருக்குக் கேக்கப் பொறுமை இருந்துச்சு? இருட்டுனதும் மெட்டாலிக்கா. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆரம்பிச்சப்ப ஆயிரமாயிரம் தொண்டை ஒண்ணா எழும்புச்சு பாருங்க, என் நெஞ்செலும்பு ஒரு ஸ்பீக்கர் மாதிரி அதிர்ந்துச்சு. 'என்டர் சாண்ட்மேன்' வந்தப்ப மாப்ள அழுதான். நான் அழலைன்னு அவன் கிட்ட இன்னைக்கு வரைக்கும் சாதிக்கிறேன். கை தூக்கித் தூக்கி மறுநாள் பல் விளக்க முடியலை.

அடுத்த நாள் அக்டோபர் 31, மெட்டாலிக்கா லூ ரீடோட சேந்து பண்ண 'லூலூ' வந்துச்சு. முந்தின நாள் ராத்திரி கோயில் கட்டினவன் மறுநாள் காலையில இடிச்ச கதை. உலகமே காறித் துப்புச்சு. எனக்கும் தாங்கலை. கடைசியில வர்ற பத்தொம்பது நிமிஷப் பாட்டு 'ஜூனியர் டாட்' மட்டும், 2013ல லூ ரீட் இறந்தப்புறம் மறுபடி கேட்டேன். அது வேற ரகம். மிச்சத்தை இன்னும் மன்னிக்கலை.

திரும்பி வந்து ரெண்டு நாள் கழிச்சு தீபாவளிப் பலகாரத்தைக் குடுக்க அப்புச்சி வீட்டுக்குப் போனேன். மேல அதே மெலாஞ்ச். அவர் திண்ணையில உக்காந்து கண்ணைச் சுருக்கிப் பாத்தாரு.

"ஏஞ்சாமி, சட்டையில என்ன எழுதியிருக்குது? முள்வேலியாட்ட இருக்குது."

"நொய்யல்னு எழுதியிருக்குதுங்க அப்புச்சி."

"இதைப் போட்டுட்டா பெங்களூரு போனே?"

"ஆமாங்க. ஒரு பையன் இது என்னன்னு கேட்டானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்கூரு ஆறுன்னு சொன்னேனுங்க."

அப்புச்சி கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுட்டே இருந்தாரு.

"ஆறுன்னா சொன்னே?"

அந்த வாரக் கடைசியில, நவம்பர் முதல் வாரம், பேய் மழை. திருப்பூர் நடுவுல ஓடுற ஜம்மனை ஓடை பெருக்கெடுத்து, கரையோரம் குடியிருந்தவங்க வீடுகளை ராத்திரியோட ராத்திரியா அடிச்சிட்டுப் போச்சு. உயிர்களும் போச்சு. பல வருஷம் கழிச்சு நொய்யல்ல சாயம் இல்லாத தண்ணி ஓடுனதை அப்படித்தான் நாங்க பாத்தோம். அதுக்கு நாலஞ்சு நாள்ல, 11-11-11 அன்னைக்கு, பிளாக் சபாத் பழையபடி ஒண்ணு சேர்றதா அறிவிச்சாங்க. ரெண்டே மாசத்துல, 2012 ஜனவரியில, அயோமிக்குப் புத்துநோய்னு சேதி. மனுஷன் சிகிச்சைக்கு நடுவுல வாசிச்சு 2013ல ஆல்பத்தையும் முடிச்சாரு.

எங்க பட்டறைகளும் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஓட ஆரம்பிச்சுது. அரசாங்கம் வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு, கழிவுத் தண்ணியை வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வெச்சு ஆவியாக்கி, உப்புத் தண்ணியையே திரும்ப சாயத்துக்கு எடுக்கிற முறை வந்துச்சு. சாயக்கூலி ஏறுச்சு. தாக்குப்பிடிக்க முடியாத சின்னப் பட்டறைக்காரங்க காணாமப் போனாங்க. கருப்பு திரும்பி வந்துச்சு. எங்க யூனிட்ல முதல் கருப்பு லாட் வந்து இறங்குனப்ப எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தோம்.

போன 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க்ல பிளாக் சபாத்தோட கடைசிக் கச்சேரி. மெட்டாலிக்காவும் வந்து வாசிச்சாங்க. ஆஸி ஆஸ்பர்ன் சிம்மாசனத்துல உக்காந்தபடியே பாடினாரு. பதினேழு நாள்ல, ஜூலை 22ல இறந்துட்டாரு. நான் அதை ஃபோன்லதான் பாத்தேன், ராத்திரி முழிச்சிருந்து. கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்புச்சு. நாப்பதாயிரம் பேர் இருக்கும். அவ்வளவும் கருப்பு. பழக்க தோஷம், என்னையறியாம மனசு கணக்குப் போட்டுச்சு. கிலோவுக்கு அஞ்சு பீஸ்னா எட்டாயிரம் கிலோ துணி. அஞ்சு டன் உப்பு.

அந்த உப்பு இப்ப எங்க ஊர்ல ஆத்துக்குப் போகக்கூடாது. திரும்ப எடுத்து உபயோகப்படுத்துனது போக, எதுக்கும் ஆகாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சும். அதை மூட்டை கட்டி சுத்திகரிப்பு நிலையத்துக் கொட்டகையில அடுக்கி வெச்சிருக்காங்க. என்ன பண்றதுன்னு இன்னும் யாரும் முடிவு பண்ணலை. ஒரு தடவை வேலை விஷயமா போனப்ப பாத்தேன், கூரை முட்டுற வரைக்கும் மூட்டைக. அன்னைக்கு நான் போட்டிருந்தது மெகாடெத். கருப்புதான்.